பழைய கணினியில் கம்பைலர் பாதியில் செத்த கதைகள்

நாகர்கோவிலிலிருந்து:

வடசேரியில் வாடகைக்கு இருந்தபோது என்னிடம் 1 ஜிபி ராம் (நினைவகம்) கொண்ட மேசைக் கணினி ஒன்று இருந்தது. அதில் 32 பிட் உபுண்டு 10.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருளான கம்பைலரிடம் பெரிய சி++ நிரல் ஒன்றைக் கொடுத்தால் முக்கால் தூரம் ஓடிவிட்டு, ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். கூடவே, பிழை அறிக்கை அனுப்புங்கள் என்ற பணிவான வேண்டுகோள் வேறு. கம்பைலரே அப்படிச் சொன்னதால் நானும் அதையே சந்தேகித்தேன். மூன்று நாள் வீண். இரண்டு முறை அழித்து மறுபடி நிறுவினேன்.

பிறகுதான், இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதும் குறிப்புகளைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ கட்டளை நினைவுக்கு வந்தது. கடைசி வரிகளில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று கெர்னல் ஒப்புதல் வாக்குமூலமே எழுதி வைத்திருந்தது. நினைவகம் தீர்ந்ததும், அதிகம் விழுங்கிக்கொண்டிருந்த கம்பைலரை அதுதான் கொன்றிருக்கிறது. வட்டில் இடம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஸ்வாப் (ராம் நிரம்பினால் கைகொடுக்கும் வட்டு இடம்) வைக்காமல் விட்டவன் நானேதான். 2 ஜிபிக்கு ஸ்வாப் கோப்பு உருவாக்கினேன். கம்பைலரை வேலைக்கு ஏவும் ‘மேக்’ கட்டளையில் ஜே4 என்றிருந்ததை ஜே1 ஆக்கினேன். நான்கு கம்பைலர்கள் ஒரே நேரத்தில் அந்த 1 ஜிபிக்கு அடித்துக்கொள்கின்றன என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கியது விடிகாலையில் முடிந்தது. ஐப்பசி மழையில் அன்று மின்சாரம் போகாததுதான் பெரிய அதிசயம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணன் சொல்வது லினக்ஸ். எனக்கு வாய்த்தது விண்டோஸ் எக்ஸ்பியும் விஷுவல் சி++ஸும். ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதினேன். தேதி, தரம், கிலோ விலை எனப் பல ஆண்டுப் பட்டியலை ஒரே நிரல் கோப்பில் கொட்டி வைத்திருந்தேன். கம்பைலர் ‘சி1060’ என்றது, அதாவது கம்பைலர் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் நினைவகமான ஹீப்பில் இடமில்லை. கடைக்காரரிடம் கெஞ்சி ராமை 4 ஜிபி ஆக்கினேன். அதே கோப்பு, அதே பிழை! 32 பிட் விண்டோஸில் ஒரு புரோகிராமுக்கு ராம் எவ்வளவு இருந்தாலும் வழக்கமாகக் கிடைப்பது 2 ஜிபி முகவரி வெளிதான் (அது எட்டக்கூடிய நினைவக அளவு) என்பதைக் காசு போன பிறகே படித்தேன். பட்டியலைத் தனி உரைக் கோப்பாக்கி, மென்பொருள் ஓடும்போது படிக்க வைத்ததும் சரியானது. விலையை நிரலுக்குள் எழுதியதே என் மடத்தனம். கடைக்காரர் இன்னும் அந்த ராம் செலவைச் சொல்லிக்காட்டுகிறார்.

குளச்சலிலிருந்து:

எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். என் கம்பைலர் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்ட பிழை) என்று விழும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில். மறுபடி ஓட்டினால் விழுந்த கோப்பு தாண்டிவிடும், அடுத்தது விழும். ஸ்வாப், ஜே1 எல்லாம் செய்து பார்த்தேன். நினைவகம் போதாமல் சாவது ஏறக்குறைய ஒரே இடத்தில் சாகும். இடம் மாறிக்கொண்டே இருந்ததால் ராம் மீது சந்தேகம் வந்தது. இரவு முழுவதும், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். காலையில் திரை நிறையச் சிவப்புப் பிழை வரிகள். ராமைக் கழற்றினால் பொன்னிற முனைகள் மங்கிக் கிடந்தன. மாணவி ஒருத்தியின் அழிரப்பரை வாங்கித் தேய்த்து மாட்டினேன். இரண்டு மாதம் ஓடியது. இப்போது மறுபடி சிவப்பு. மேசையை ஜன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டேன். உப்புக் காற்றோடு யார் மல்லுக்கட்டுவது?

நாகர்கோவிலிலிருந்து:

டீச்சர், உங்களுடையது டிடிஆர்2 வகை ராம் என்றால் சொல்லுங்கள். என் பழைய ராம் பரணில் சும்மா கிடக்கிறது.