பேப்பர் லாமா, அதாவது பழைய பேப்பர் வாங்கும் லோரிக்காரர், பேப்பர் கட்டைத் திருப்பிக் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

பகாவ் வாசி:
லோரி எங்கள் தாமானுக்கு வந்ததும் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தேன். சீன அங்கிள் தராசில் வைக்கவே இல்லை. கட்டுக்குள் கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு தாளை உருவி என் மூக்குக்கு நேராக நீட்டினார். ரொட்டி சானாய் கட்டி வந்த தாள், டால்ச்சா இன்னும் காயவில்லை. "இனி தா போலே, அச்சி." இதை எடுக்க முடியாதாம். பக்கத்து வீட்டார் எல்லாம் கேட்டில் நின்று வேடிக்கை. உள்ளே செருகியது யாரோ, எனக்கு மாமியார் மேல்தான் சந்தேகம். அந்த ஒரு தாளை வீசிவிட்டு மீதியை வாங்கியிருக்கலாமே?

தோட்டத்துக் கிராணி:
ஒரு தாளோடு நிற்காது அக்கா. எண்ணெய் பக்கத்துத் தாளிலும் ஊறும். ஆலையில் காகிதத்தைத் தண்ணீரில் கரைத்தாலும் அது நாரை விட்டுப் போகாது. எங்கள் ஆபீசில் வேறு கூத்து. பழைய தாள்களை எல்லாம் மிஷினில் பொடியாக வெட்டிப் பைகளில் கட்டினோம். வாசலில் பை கிழிந்தது, காற்று வேறு. பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்த ஆட்கள் தலையெல்லாம் துணுக்கு. "யாருக்குக் கல்யாணம்?" என்று மண்டோர் (கங்காணி) கேட்கிறார்! மீதிப் பைகளையும் பழைய சாமான் கடையில் எடுக்கவில்லை. வெட்டினால் நார் குட்டையாகிவிடுகிறது. ரகசியம் இல்லாத தாளை முழுதாகவே கட்டுங்கள்.

ரொம்பின்காரன்:
எல்லாம் சும்மா. டின், போத்தல் எல்லாம் கழுவிக் காயவைத்து வெளியே வைத்தேன். குப்பை லோரி வந்து எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி, என் கண் முன்னாலேயே நசுக்கிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இனி யார் சொன்னாலும் கழுவ மாட்டேன்.

ஜெம்போல் அண்ணன்:
தம்பி ரொம்பின், எந்தக் கிழமை வைத்தீர்கள்? நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 672 என்ற திடக்கழிவுச் சட்டப்படி 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டுக் குப்பையைப் பிரிப்பது கட்டாயம், 2016 ஜூனிலிருந்து சம்மன். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள்தான் மறுசுழற்சிக்கு. குப்பை நாளில் வைத்தால் குப்பையாகத்தான் போகும். பேராக்கில் இந்தச் சட்டமே இல்லை, அங்கிருக்கும் என் மச்சான் பிரிக்கிறாரே! என் கதை சின்னது: மகன் கழுவாமல் வைத்த சூசு (பால்) டின்னால் வீடெல்லாம் எறும்பு. சரி, குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே டின்னை அலசினால் போதும். நாசி லெமாக் சுற்றும் பழுப்புத் தாளின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, பேப்பரோடு போகாது. வழவழப்பான கடை ரசீது ரசாயனம் தடவியது, அதுவும் வேண்டாம். உடைந்த கண்ணாடியைத் தனியாகச் சுற்றி மேலே எழுதுங்கள். கைப்பேசி பேட்டரியை எந்தப் பையிலும் போடாதீர்கள், லோரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். பொரித்த எண்ணெயைப் போத்தலில் சேருங்கள், காசுக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

லயத்துப் பெண்:
அண்ணே, "அலசினால் போதும்" என்பதை எல்லாவற்றுக்கும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் லயத்தில் நடந்ததைக் கேளுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி விற்ற காலம் அது, 2020-இல்தானே தடை வந்தது. யாரோ அந்த மருந்து தோங்கை (கலனை) மறுசுழற்சி மூட்டையில் போட்டிருக்கிறார். லயத்துப் பாட்டி ஒருவர் அதை எடுத்துக் குழாயடியில் நிரப்பிக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் நீலமாக இருந்தது. "குடிக்கவா பாட்டி?" என்று கத்தினேன். "எனக்கில்லம்மா, கோழிக்கு." இழுத்துக் கவிழ்த்தேன், பாட்டிக்கு என்மேல் கோபம். மருந்து தோங்கை மூன்று தடவை அலச வேண்டும், அந்தத் தண்ணீரைத் தெளிக்கும் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும், அடியில் ஓட்டை போட்டுத் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டை இருந்திருந்தால் பாட்டி அதைத் தொட்டே இருக்க மாட்டார். போட்ட ஆள் இங்கேயே இருக்கலாம், படிக்கட்டும்.