"முறைப்படி" என்று எழுதியது யார்? மைதானத்துக் கொடி பற்றி

பழைய சாரணன்:
நேற்று நம்மூர் விளையாட்டுக் கழகத்தின் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். கமக்காரர் அமைப்பின் முன்னாள் தலைவர் காலமானதற்காக மைதானத்தில் தேசியக் கொடி பாதிக் கம்பத்தில் நிற்கிறது. கீழே "முறைப்படி அரைக்கம்பத்தில் பறக்கவிடப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். எந்த முறைப்படி? காலை ஆறேகாலுக்கு நான் அந்த வழியால் பால் வாங்கப் போனவன். கண்ணால் பார்த்தேன். கயிற்றை இழுத்தார்கள், கொடி நடுவில் நின்றது, கட்டினார்கள், போனார்கள். உச்சியைத் தொடவே இல்லை. அரைக்கம்பம் என்றால் முதலில் உச்சி வரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். மாலையில் கழற்றும்போதும் மறுபடி உச்சிக்குப் போய்த்தான் கீழே வர வேண்டும். சாரணர் பாசறையில் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது. தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம். என் வீடு மைதானத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மைதானத்துக்காரன்:
எழுதியவன் நான்தான் ஐயா. வாய்க்கால் தண்ணீருக்காக வாழ்நாளில் பாதியைக் கந்தோர் வாசல்களில் கழித்த மனிதர் அவர். மரியாதைக்குச் செய்தோம். கொடி அரையில் நின்றதா, இல்லையா? நின்றது. எந்த வழியால் போய் நின்றால் என்ன? பரந்தனால் வந்தாலும் முறிகண்டியால் வந்தாலும் கிளிநொச்சி கிளிநொச்சிதானே.

பழைய சாரணன்:
இது பஸ் பயணம் இல்லை தம்பி. உச்சி தொடாமல் நடுவில் நிற்பது ஏறி முடியாத கொடி. இறக்கிய கொடி இல்லை. துக்கத்துக்கு இறக்குகிறோம் என்றால் அது முதலில் மேலே இருக்க வேண்டாமா?

முறிகண்டிக் கச்சான்:
ஐயா சொல்வது சரி. இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். எங்கள் கழகத்தின் கரப்பந்தாட்ட அணி இவ்வளவு காலமாகக் கீழே இறங்காமல் இருப்பதற்குக் காரணம் இன்றைக்குத்தான் விளங்கியது.

பாலியாறு:
சண்டையைத் தொடங்குவதற்கு முன் "அரை" என்றால் என்ன என்று தீர்மானிக்கலாமே? இந்தியக் கொடி விதிகளில் அது கம்பத்தின் பாதி. பிரித்தானிய வழக்கத்தில் கம்பத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரம். மேலே குறைந்தது ஒரு கொடியின் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. அதைவிடப் பெரிய கேள்வி, தேசியக் கொடியை இறக்கச் சொல்வது யார்? உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு 2019 ஏப்ரல் 23 ஐ அரசாங்கம் துக்க தினமாக அறிவித்தது, நாடு முழுவதும் இறக்கினார்கள். ஒரு விளையாட்டுக் கழகம் தானாக முடிவெடுக்கலாமா? கழகக் கொடியை இறக்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

பழைய சாரணன்:
பாதியோ மூன்றில் இரண்டோ, அது அளவு நாடாவின் வேலை பிள்ளை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. உச்சி தொட்டதா, இல்லையா?

மைதானத்துக்காரன்:
பார்த்தீர்களா, அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் இல்லை. உச்சி, உச்சி, உச்சி. உச்சிப் பிள்ளையாருக்கு நேர்த்தியா ஐயா?

லண்டன் பேரன்:
இங்கே 1997 இல் டயானா இறந்தபோது பக்கிங்ஹாம் அரண்மனைக் கம்பம் வெறுமனே நின்றது. அரச குடும்பத்தின் கொடி அரசர் அல்லது அரசி உள்ளே இருந்தால் மட்டும் பறக்கும். அது எவர் இறந்தாலும் அரைக்கு இறங்காது. ஒரு அரசர் போனால் அடுத்தவர் அந்த நிமிடமே வந்துவிடுகிறார் அல்லவா, அதனால். சனம் கொதித்துப் போய்விட்டது. கடைசியில் இறுதிச் சடங்கு நாளன்று வேறு கொடியை, அதாவது நாட்டுக் கொடியை, அரையில் விட்டார்கள். விதி என்று பிடித்துக்கொண்டு நின்றால் இப்படித்தான் சனத்திடம் பேச்சு வாங்க வேண்டி வரும். சவூதிக் கொடியும் இறங்குவதில்லை. அதில் கலிமா, அதாவது இஸ்லாத்தின் நம்பிக்கை வாசகம், எழுதியிருக்கிறது.

பழைய சாரணன்:
அந்த நாட்டுக் கொடியை அரையில் விடும்போது உச்சி தொட்டுத்தான் இறக்கியிருப்பார்கள். அதைப் பார்த்தீர்களா தம்பி? இல்லை. சவூதியை ஏன் இழுக்கிறீர்கள்? நம்முடையது இறங்குகிற கொடி.

லண்டன் பேரன்:
அந்தக் கம்பம் நட இங்கிருந்து காசு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். நான் பேசக் கூடாதா?

மைதானத்துக்காரன்:
ஆரம்பித்துவிட்டது. காசு அனுப்பிய கதை இல்லாமல் இந்த ஊரில் ஒரு விவாதம் முடிந்ததே இல்லை.

கரைச்சிக்காரன்:
எல்லாரும் கயிற்றைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எனக்கு அந்தக் கொடி முழுதாகப் பறந்தாலும் அரையில் பறந்தாலும் ஒன்றுதான். 1948 பெப்ரவரி 4 அன்று ஏறியது வெறும் சிங்கக் கொடி. பிறகு ஒரு குழு போட்டு, தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என்று ஓரத்தில் இரண்டு பட்டை வைத்தார்கள். செனட்டர் எஸ். நடேசன் அதற்கு உடன்படவில்லை. 1972 இல் நாலு மூலைக்கும் அரசமிலை வந்தது. சிங்கம் வாளோடு பார்த்துக்கொண்டு நிற்பது எந்தப் பக்கம் என்று ஒருமுறை பாருங்கள். நம்முடைய பட்டையை. 2017 நவம்பரில் வவுனியாவில் ஒரு பாடசாலை விழாவில் அப்போதைய வடமாகாணக் கல்வி அமைச்சர் சர்வேஸ்வரன் இந்தக் கொடியை ஏற்ற மறுத்தார். அவரைத் திட்டியவர்களும் இருக்கிறார்கள், எழுந்து நின்று கைதட்டியவர்களும் இருக்கிறார்கள். நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. மே 18 இல் முள்ளிவாய்க்காலுக்குப் போகிற சனம் அரைக்கம்பத்தைத் தேடுவதில்லை. ஒரு சுடர், ஒரு சிரட்டைக் கஞ்சி. அதுதான் துக்கம்.

பழைய சாரணன்:
நீங்கள் சொல்வது வேறு கதை தம்பி, பாரமான கதை. ஏற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் மனச்சாட்சி. நானும் அந்தக் கஞ்சி குடித்தவன்தான். ஆனால் ஏற்றுகிறோம் என்று முடிவெடுத்த பிறகு உச்சி தொட வேண்டும். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டைகள் கம்பத்துப் பக்கம்தான் இருக்கின்றன, தலைகீழாகவும் இல்லை. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இதைச் செய்யத் தெரியாதா என்பதுதான் என் எரிச்சல். செத்தவீட்டுக்கு ஓலைத் தோரணம் கட்டும்போது குருவிபோல மடித்த ஓலை மூன்று, அதாவது மூன்று குருவி, நல்ல காரியத்துக்கு நாலு குருவி. ஒரு குருவி மாறினால் கிழவிகள் படலையில் நின்று கிழிப்பார்கள். ஓலைக்கு அவ்வளவு பார்க்கிறவர்கள் கொடிக்கு மட்டும் "எந்த வழியால் போனால் என்ன" என்கிறீர்கள்.

முறிகண்டிக் கச்சான்:
குருவி விஷயம் உண்மை. போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு மூன்று குருவி கட்டிவிட்டார்கள். மாமிமார் இன்னும் கதைக்கவில்லை.

பாலியாறு:
எங்கள் முள்ளியவளைப் பக்கம் இப்போது யாரும் அதை எண்ணுவதில்லை. பாதிப் பேர் பிளாஸ்ரிக் தோரணம். அப்புறம், நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. யார் அனுமதி கொடுத்தது?

முறிகண்டிக் கச்சான்:
பிளாஸ்ரிக் தோரணத்தில் எத்தனை குருவி?

இடதுகைப் பந்துவீச்சு:
நான் கழகத்தில்தான் இருக்கிறேன். அன்று கயிறு இழுத்தவன் நான். யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாங்கள் உச்சிக்குத்தான் இழுத்தோம். கப்பி துருப்பிடித்து நடுவில் சிக்கிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சரி, செத்தவீடுதானே, அரையில் நிற்கட்டும் என்று கட்டிவிட்டோம்.

முறிகண்டிக் கச்சான்:
ஐயோ.

பழைய சாரணன்:
ஆக, துக்கம் அனுட்டித்தது கழகம் இல்லை, கப்பி. அதற்கு "முறைப்படி" என்று ஒரு வரி! எழுதினவர் எங்கே?

மைதானத்துக்காரன்:
இங்கேதான் இருக்கிறேன். உச்சிக்குப் போக வேண்டும் என்றுதானே இழுத்திருக்கிறார்கள்? அப்படியென்றால் எண்ணம் முறைப்படி. கப்பி செய்ததற்கு நான் பொறுப்பில்லை. எழுதியதை மாற்றப் போவதும் இல்லை.

பழைய சாரணன்:
எண்ணம் உச்சி தொட்டால் போதாது. கொடி தொட வேண்டும்.

லண்டன் பேரன்:
கம்பம் நட்டு இரண்டு மழைகூட ஆகவில்லை. அதற்குள் துருவா? கப்பி வாங்க அனுப்பிய காசில் என்ன கப்பி வாங்கினீர்கள்?

மைதானத்துக்காரன்:
கணக்கு பொதுக்கூட்டத்தில் வாசித்தோம். வந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

லண்டன் பேரன்:
லண்டனிலிருந்து பொதுக்கூட்டத்துக்கா?

இடதுகைப் பந்துவீச்சு:
கப்பிக்கு எண்ணெய் விடத்தான் தைப்பொங்கலுக்கு முதல் சாரணர் ஐயா வீட்டில் ஏணி கேட்டோம். தர மறுத்தார். அதையும் எழுதுங்கள்.

பழைய சாரணன்:
அதற்கு முதல் தடவை கொண்டு போன ஏணி இரண்டு படி உடைந்து வந்தது. அதையும் எழுதுங்கள். வந்ததுகூட இல்லை, நானே போய்த் தூக்கி வந்தேன். இரண்டு படியையும் ஒட்டித் தாருங்கள், நானே ஏறி எண்ணெய் விடுகிறேன். பிறகு உச்சி தொடுகிறதா என்று எல்லாரும் வந்து பாருங்கள்.

பாலியாறு:
கொடி இன்னும் அங்கேதான் நிற்கிறதா? இரவிலுமா?

இடதுகைப் பந்துவீச்சு:
ஓம் அக்கா. இறங்கவில்லை என்று சொன்னேனே.