புதுப்பிப்பு: பாதி விலைக்கு வந்த அந்தப் படகு

சந்தை விலையில் பாதிக்கு ஒரு பழைய ஃபைபர் படகு, விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அனுப்பவில்லை. நீங்கள் சொன்னபடி, படகின் பின்பக்கம் வலது மேல்மூலையில் பொறித்திருக்கும் அடையாள எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டைக் காட்டும். படத்தில் 09, விளம்பரத்திலோ 2016. கேட்டதும் பேச்சு நின்றது, விளம்பரமும் காணாமல் போனது. பணத்தை மூன்றாம் நபர் பிடித்து வைக்கும் சேவை வேண்டுமென்றால் நாமே தேடிப் பிடிக்க வேண்டும்; விற்பவர் அனுப்பும் லிங்க்கைத் தொடவே கூடாது.

அப்புறம் வேறொரு படகை நேரில் பார்த்தேன். என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. நன்றாக ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன், ஏனென்றால் ஸ்டார்ட்டிங் கோளாறு குளிர்ந்த என்ஜினில்தான் தெரியும். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், எல்லா சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு; அது நல்ல அறிகுறி. ஆனால் படகைப் பரிசோதிக்க வந்த சர்வேயர் டிரான்ஸமை, அதாவது படகின் பின்சுவரை, தட்டியபோது ஒரு பக்கம் மட்டும் மந்தமான சத்தம். ஈரமானியும் அங்கே ஏறியது. உள்ளே இருக்கும் பலகை தண்ணீர் குடித்து இற்றுப்போயிருக்கிறது.

சரி, அதைச் சரிசெய்யும் செலவைக் கழித்துத்தான் விலை பேசிக்கொண்டிருக்கிறோம். உரிமையாளர் எதையும் மறைக்கவில்லை, அது பெரிய நிம்மதி. படகின் மேல் கடன் பாக்கி இல்லை என்ற சான்று வந்ததும் வாங்கிவிடுவேன்.