காப்பகத்தில் இடமில்லை: தன்னார்வலர்களின் அனுபவப் பகிர்வு

வேளச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

தென்சென்னையில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூண்டு கழுவுவது, உணவு வைப்பது, வாசலில் வருபவர்களிடம் பேசுவது ஆகிய வேலைகளைச் செய்து வருகிறேன். இவற்றில் வாசலில் நின்று பேசுவதுதான் மிகக் கடினமானது. காரணம், அங்கே நான் அதிகம் சொல்ல வேண்டியிருப்பது "இடமில்லை" என்பதைத்தான். அதைக் கேட்டதும் சிலர் முகம் சுருங்கித் திரும்பிப் போவார்கள். சிலர் எதுவும் பேசாமல் பெட்டியை மதிலோரம் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை ஒரு தந்தையும் பள்ளிச் சீருடை அணிந்த மகளும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் ஐந்து நாய்க்குட்டிகள் இருந்தன. ஐந்துமே பெட்டை. ஆண் குட்டிகளைத் தெருவில் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பெட்டைக் குட்டிகள்தான் எங்களிடம் வந்து சேரும் என்பதால் எனக்கு அதில் வியப்பு ஏற்படவில்லை. தாய் எங்கே என்று கேட்டேன். தெருவிலேயே இருக்கிறது என்றும், குட்டிகள் வண்டியில் அடிபட்டுவிடுமே என்ற பயத்தில் எடுத்துவந்ததாகவும் அந்தச் சிறுமி சொன்னாள்.

அவர்களுடைய அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தடுப்பூசி போடாத ஆறு வாரக் குட்டிக்குக் காப்பகத்தைவிட ஆபத்தான இடம் குறைவு என்பதை அவர்களுக்கு எப்படியாவது புரியவைக்க வேண்டியிருந்தது. நோயுற்ற நாய்கள் வந்துபோகும் இடத்தில் பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் எங்கள் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது அசையாது, பிளீச்சிங் கரைசல் போன்ற கடுமையான கிருமிநாசினி வேண்டும். தொற்றிய குட்டி ஒரு வாரத்துக்குள் சாப்பாட்டை மறுத்து, வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலுமாகச் சுருண்டுவிடும். அந்த வைரஸைக் கொல்லும் மருந்து என்று தனியாக எதுவும் கையில் இல்லாததால், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, உடல் தானாக மீளும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. ஒரு குட்டிக்கு வந்தால் பக்கத்துக் கூண்டுகளும் தப்புவது அரிது. பராமரிப்பாளர்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நிலைமை இதுதான்.

இதையெல்லாம் கேட்ட தந்தை, "அப்படியானால் இந்தக் காப்பகம் எதற்கு?" என்றார். நியாயமான கேள்விதான். அடிபட்டு எழ முடியாமல் கிடப்பவை, அறுவை சிகிச்சை தேவைப்படுபவை, கண் தெரியாதவை, திரும்பிப் போகத் தெருவே இல்லாதவை ஆகியவற்றுக்குத்தான் இங்குள்ள கூண்டுகள் போதும் என்று பதில் சொன்னேன். பிறகு அவர்களோடு நானும் அந்தத் தெருவுக்குப் போனேன். தாய் நாய் மடி கனத்து, மூலைக்கு மூலை மோந்து தேடிக்கொண்டிருந்தது. அங்கே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர், தம் வண்டிக்குப் பின்னால் இரண்டு செங்கற்களையும் ஒரு பழைய பேனரையும் வைத்து மறைப்புக் கட்டிக்கொடுத்தார். தடுப்பூசிக்கான வயது வந்ததும் எங்கள் குழுவினர் தெருவுக்கே போய்ப் போட்டார்கள். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அடுத்த தவணைகளையும் விடாமல் போட்டு முடித்தார்கள். மூன்று குட்டிகளுக்கு வீடு கிடைத்தது. ஒன்றை அந்தச் சிறுமியின் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மற்றொன்று இஸ்திரி வண்டியை விட்டு வர மறுத்துவிட்டது. குட்டிகள் பால் மறக்கும் வரை தாயைப் பிடிக்கக் கூடாது என்பது 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. அதன்படி காத்திருந்து, பிறகே தாய்க்குக் கருத்தடை செய்து, காதில் அடையாள வெட்டுப் போட்டு, அதே தெருவில் விட்டோம்.

மற்ற உறுப்பினர்களும் தாங்கள் சந்தித்த மனிதர்களையும் விலங்குகளையும் பற்றி எழுத வேண்டுகிறேன்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் அனுபவம் பூனைக்குட்டிகளோடு மட்டும்தான். காப்பகத்துக்கு வரும் பால்குடிக் குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்து, தாமாகச் சாப்பிடும் வயது வந்ததும் தத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். இதை எங்கள் வட்டத்தில் ஃபாஸ்டர் என்றுதான் சொல்கிறோம். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை இரவிலும் எழ வேண்டும் என்பதால், ஆட்கள் குறைவான காப்பகங்களில் இந்த வயதுக் குட்டிகள் தப்பிப்பது மிகக் கடினம்.

ஒரு வங்கிக் கிளையின் காவலர், ஜெனரேட்டர் அறையில் கிடைத்ததாக மூன்று குட்டிகளைத் தம் தொப்பியில் வைத்துக் கொண்டுவந்தார். பசும்பால் ஊட்டியிருந்தார்; அதனால் மூன்றுக்கும் கழிச்சல். நம் வீடுகளில் பூனை என்றாலே பால் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அதிலுள்ள சர்க்கரை பெரும்பாலான பூனைகளுக்குச் செரிப்பதில்லை, குட்டிகளுக்கு அது உயிருக்கே ஆபத்தாகிவிடும். குட்டி சில்லிட்டிருக்கும்போது எதையும் ஊட்டக் கூடாது என்பதும் அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது. முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகே வைத்துச் சூடேற்ற வேண்டும். பிறகு குழந்தையைப் போல மல்லாத்தாமல் வயிறு கீழே இருக்கும்படி பிடித்து, குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பொடியைக் கரைத்து ஊட்ட வேண்டும். மல்லாந்த குட்டிக்குப் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு முறை ஊட்டிய பின்னும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்தால்தான் சிறுநீர் கழிக்கும். தாய்ப்பூனை நாக்கால் செய்யும் வேலை அது.

அந்தக் காவலர் பணி முடிந்து போகும் வழியில் அடிக்கடி வந்து பார்த்தார். இரண்டு பிழைத்தன. அவற்றில் கறுப்பாக இருந்ததை யாருமே தத்தெடுக்க முன்வரவில்லை. சகுனம் பார்க்கும் ஊரில் கறுப்புப் பூனைக்கு வீடு தேடுவது பெரிய பாடு. கடைசியில் அவரே கொண்டுபோனார்.

ஒரு வேண்டுகோள்: குட்டிகள் தனியாகக் கிடந்தால் உடனே தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். சற்றுத் தள்ளி நின்று சில மணி நேரம் கவனித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் விலங்கு ஆர்வலன் அல்லன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்தவன். நாய்களைப் பற்றிய புகார்க் கடிதங்கள் அனைத்தும் என் மேசைக்குத்தான் வந்தன. விடியற்காலையில் பால் வாங்கப் போகும் முதியவர்களின் பயமும், டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைகளின் பயமும் உண்மையானவை. விலங்குகளுக்காகப் பேசுபவர்கள் அந்தப் பயத்தைக் கேலி செய்யும்போது எங்களைப் போன்றவர்கள் காது கொடுப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

"எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள்" என்று கேட்பதற்காகவே நாங்கள் சிலர் ஒரு காப்பகத்துக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் எங்களோடு வாதாடவில்லை. உள்ளே அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார். பின்கால்கள் செயலிழந்தவை ஒரு பகுதியில், உண்ணிக் காய்ச்சலில் படுத்தவை ஒரு பகுதியில், உரிமையாளர் வெளிநாடு போனதால் கட்டிவிட்டுப் போன லேப்ரடார்களும் ஜெர்மன் ஷெப்பர்டுகளும் ஒரு பகுதியில் என்று இருந்த இடமெல்லாம் நிறைந்திருந்தது. சென்னை மாநகராட்சிப் பகுதியில் 2024 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையையும் அங்கிருந்த கூண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எங்கள் கோரிக்கையை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

மாநகராட்சி வண்டி நாய்களைப் பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற காலத்தை அறிந்த தலைமுறை என்னுடையது. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடைதான் வழி என்று 1964 முதல் சொல்லியும் செய்தும் வந்தது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆகிவிட்டது. எங்கள் தெருவிலேயே இதற்குச் சிறிய சான்று உண்டு. யாரோ இரவோடு இரவாக இரண்டு நாய்களை அப்புறப்படுத்தினார்கள்; குப்பைத்தொட்டி அங்கேயே இருந்ததால் அந்த இடத்துக்கு ஊசி போடாத, யாருக்கும் பழக்கமில்லாத வேறு நாய்கள் வந்து சேர்ந்தன.

அதன் பிறகு நாங்கள் செய்தவை எளியவை. விளையாட்டுத் திடலிலிருந்து தள்ளி, பின்பக்க மதிலருகே உணவிடும் இடத்தை முடிவு செய்து, பிள்ளைகள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் மட்டும் உணவிடச் சொன்னோம். எல்லா நாய்களுக்கும் கருத்தடையும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படுவதைச் சங்கமே பொறுப்பேற்றுக் கவனிக்கிறது. புகார்கள் அடியோடு நின்றுவிடவில்லை; ஆனால் குறைந்தன. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவிலும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றுதான் இருக்கிறது. இந்த இரண்டாம் பகுதியையும் ஆர்வலர்கள் அதே ஊக்கத்தோடு பேச வேண்டும் என்பது என் கருத்து, ஏற்காதவர்கள் எழுதலாம்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

தத்தெடுப்பு முகாம்களில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் நானே பேசுவேன். பாதிக்கு மேற்பட்ட தத்துகள் அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் முறிந்துவிடும்.

நான் எழுத விரும்புவது திரும்பி வந்த ஒரு நாயைப் பற்றி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் வளர்ந்த நாட்டு நாயொன்றை ஆசையாகத் தத்தெடுத்தார். சில நாட்களிலேயே, அது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை, தம்மைப் பார்த்தால் நடுங்குகிறது என்று தலைகுனிந்தபடி திருப்பிக் கொண்டுவந்தார். எங்கள் குழுவில் ஒருவர் அவரைத் திட்டத் தொடங்கினார், நான் தடுத்தேன். திருப்பித் தருபவரை அவமானப்படுத்தினால், அடுத்தவர் நம்மிடம் வராமல் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அப்படி இறக்கிவிடப்பட்ட நாய்களையும் நாங்கள்தானே தூக்கிவருகிறோம்.

பல மாதங்கள் கூண்டில் இருந்த நாய் புது வீட்டில் பயம் தெளிய மூன்று நாள், அன்றாட ஒழுங்கைப் பழக மூன்று வாரம், அது தன் வீடுதான் என்று நம்ப மூன்று மாதம் ஆகலாம் என்று தோராயமாக ஒரு கணக்கு சொல்வோம். அதை அவருக்கு விளக்கினேன். ஒரு மூலையில் படுக்கையைப் போட்டு, கண்ணோடு கண் பார்க்காமல், உணவை வைத்துவிட்டு நகர்ந்துவிடச் சொன்னேன். அவர் மறுபடியும் அழைத்துப் போனார். இப்போது எங்கள் முகாம்களில் கூடாரம் கட்டுவதும், வளர்ந்த நாயைத் தயங்கித் தயங்கிப் பார்ப்பவர்களிடம் பேசுவதும் அவர்தான்.

வேளச்சேரி உறுப்பினரின் மறுமொழி:

மடிப்பாக்கத்து ஐயாவின் கடைசிக் கருத்தை ஏற்கிறேன். கடிக்கும் நாயை நியாயப்படுத்திப் பேசுவதால் அமைதியான நாய்களுக்குத்தான் கெடுதல். அதோடு, 2025 நவம்பர் 7 அன்று வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்களிலிருந்து அகற்றப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்பதால், காப்பகங்களின் மேல் சுமை இன்னும் கூடும். அங்கே வேலை செய்ய ஆட்கள் தேவை.

வர விரும்புகிறவர்கள் முதலில் வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பழைய பெட்ஷீட், துண்டு, செய்தித்தாள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் இவைதான் முதலில் தீர்ந்துபோகின்றன. வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால், காப்பகத்துக்குப் போட்டுவந்த செருப்பையும் உடையையும் வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.