டென்னிஸ் பைக்கான பட்டியல்: ‘ஓவர்கிரிப்’ என்பதற்கு ‘மேல்நாடா’

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக, டென்னிஸ் ஆடப் புறப்படுமுன் பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டும் தாள் ஒன்றை எழுதி வருகிறோம். மட்டை, பந்து, துண்டு, தொப்பி, மாற்றுக் காலுறை, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. மட்டையின் நரம்புகளுக்கிடையே செருகும் சிறு ரப்பர்த் துண்டான ‘டேம்பனர்’ என்பதற்கு இங்கு முன்மொழியப்பட்ட ‘அதிர்வடக்கி’யும் ஏற்கத்தக்கதே. இழுபறியாக நிற்பது, கைப்பிடிமேல் சுற்றும் ‘ஓவர்கிரிப்’ ஒன்றுதான். அதற்கு இங்கு வந்த முன்மொழிவுகள் ‘மேற்பிடி’, ‘பிடியுறை’, ‘மேற்சுற்று’ ஆகியவை.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். மட்டையின் கைப்பிடியில் தயாரிப்பாளரே சுற்றி அனுப்பும் தடித்த பட்டை ஒன்று இருக்கிறது. அதன்மேல், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய பட்டை ஒன்றை ஆட்டக்காரரே சுற்றிக்கொள்கிறார். கூராக வெட்டப்பட்ட முனையைப் பிடியின் அடிக்குமிழில் பதித்து, சற்றே இழுத்துப் பிடித்தபடி, ஒவ்வொரு வளையமும் முந்தையதன் விளிம்பை ஏறி மூடுமாறு மேல்நோக்கிச் சுற்றி, முடிவில் சிறு ஒட்டுப்பட்டையால் இறுக்க வேண்டும். வியர்வையில் ஊறி வழுக்கத் தொடங்கியதும் உரித்தெறிந்துவிட்டுப் புதியதைச் சுற்றலாம். அடிக்கடி மாற்றப்படுவது இதுவே. அடியிலுள்ளது நெடுநாள் இருக்கும். ஆகவே, இரண்டையும் பிரித்துக் காட்டாத சொல் பட்டியலுக்கு உதவாது.

‘மேற்பிடி’ என்ற முன்மொழிவைக் கண்ட மாணவர், மட்டையை உயரத்தில் பிடிக்கச் சொல்கிறார்கள் என்றே எண்ணுவார். ஏனெனில் ‘பிடி’ என்பது பிடிக்கும் முறையையும் குறிக்கிறது. ‘பிடியுறை’ அழகாக ஒலித்தாலும், உறை என்பது மாட்டுவது, இதுவோ சுற்றுவது. ‘மேற்சுற்று’ செயலுக்கு மிக நெருங்கியதுதான். ஆனால் முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று போட்டி நிலைகளுக்கு அச்சொல்லை நாளிதழ்கள் என்றோ எடுத்துக்கொண்டுவிட்டன.

எனவே என் பரிந்துரை: அடியிலுள்ளது ‘அடிநாடா’, மேலே சுற்றுவது ‘மேல்நாடா’, பொதுப்பெயர் ‘பிடிநாடா’. நாடா என்றால் பாவாடை நாடாதான் நினைவுக்கு வரும் என்று நண்பர் ஒருவர் மறுத்திருந்தார். ஒலிநாடாவையும் அளவு நாடாவையும் ஏற்ற மொழிக்கு இது பாரமாகாது. அதோடு, எங்கள் ஊர்த் திடல்களில் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் கலந்தே ஆடுகிறார்கள். மலையாளத்திலும் ‘நாட’ என்றால் இதே பொருள்தான், ‘பிடி’யும் அப்படியே. எல்லைப்புறத்தில் இது சிறு நன்மையன்று.

பட்டியலில் இச்சொல் எங்கே வரும் என்பதும் முக்கியம். ஆட்டத்தின் நடுவே ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது கிடைக்கும் 90 நொடிக்குள் மேல்நாடாவை மாற்றிவிட வேண்டுமானால், அது பையின் அடியில் கிடக்காமல் பக்கவாட்டுப் பையிலேயே, ஒட்டுப்பட்டையோடும் சிறு கத்தரியோடும் இருக்க வேண்டும். உடையோ காலணியோ ஆட்டக்காரரின் கட்டுப்பாட்டை மீறிப் பழுதானால் கூடுதல் நேரம் தர விதி இடமளிக்கிறது. மட்டைக்கு அச்சலுகை இல்லை. இரண்டாவது மட்டையைப் பட்டியலின் தொடக்கத்தில் வைத்ததற்குக் காரணம் அதுவே.

‘ஸ்ட்ரிங்’ என்பதற்கு ‘தந்தி’யைவிட ‘நரம்பு’ பொருந்தும். கடைகளில் வழங்கும் ‘கட்டிங்’ (gutting) என்னும் சொல்லும் குடலிலிருந்து செய்த நரம்பைக் குறிக்கும் ‘gut’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். மாட்டுக் குடலிலிருந்து எடுக்கும் நரம்பு இன்றும் விற்பனையில் இருக்கிறது. யாழுக்கும் நரம்பு என்றே சொன்னோம். நரம்பின் இழுவிசை வெப்பத்தில் தளரும் என்பதால், கோடையில் 40 பாகையை ஒட்டிக் காயும் பாலக்காட்டுப் பக்கத்தில், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பையை விட்டுவிடக் கூடாது என்ற வரியும் தாளில் உண்டு. சில பைகளின் உட்புறம் பளபளக்கும் படலம் ஒட்டிய அறைக்கு ‘வெப்பத்தடுப்பு அறை’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமானது இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

மறுப்பு எதுவும் வராவிட்டால் தாளின் நான்காம் வரி இவ்வாறு அச்சேறும்: “மேல்நாடா இரண்டு, பிரிக்காத உறையோடு, பக்கவாட்டுப் பையில்.”