ஒரு நிமிடத்தில் திறந்த மெஷின் ஏழு நிமிடம் எடுத்தபோது

சிவகாசி, டிடிபி வேலை

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியே வந்தாக வேண்டும். எங்கள் ஊரில் டிசைன் வேலை பார்ப்பவர்களுக்கு அதற்கு முந்தைய மாதம் சரியான தூக்கம் கிடையாது. அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில் என் மெஷின் திறக்க ஏழு நிமிடம் எடுத்தது. சனிக்கிழமை இரவு அணைக்கும்வரை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பழைய மெஷின்தான், ஆனால் சனிக்கிழமையும் அது பழைய மெஷின்தானே?

கடையில் வேலை செய்யும் தம்பி, "அண்ணே, ஃபான்ட் நிறைய ஏத்தி வச்சிருக்கோம்ல, அதான்" என்றான். தமிழ் எழுத்துருக்கள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல் இருக்கும், உண்மைதான். ஆனால் அவை ஐந்து வருடமாக இருக்கின்றன. பக்கத்துத் தெரு சர்வீஸ்காரரை போனில் கேட்டேன். வைரஸாக இருக்கும், ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுவிடலாம், மாலைக்குள் முடிந்துவிடும் என்றார். சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். வேலை தலைக்கு மேல் இருந்ததால், இன்னும் இரண்டு நாள் இப்படியே ஓட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். அந்த இரண்டு நாள்தான் என் வேலைகளைக் காப்பாற்றியது.

செவ்வாய்க்கிழமை காலை, மெஷினைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். மதர்போர்டு லோகோ வழக்கம்போல வந்து போனது. விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே புள்ளிகள் சுற்றும் இடத்தில்தான் நின்றது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. காதை கேபினட் பக்கம் கொண்டு போனால் மெல்லிய ஒரு "டிக்", சில விநாடி அமைதி, மறுபடி "டிக்".

டெஸ்க்டாப் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலை, அதாவது திறக்கும்போதே தானாக ஓடும் மென்பொருள்களைப் பார்த்தேன். புதிதாக எதுவும் சேரவில்லை. அப்புறம் ஈவென்ட் வியூவர், விண்டோஸ் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் இடம். அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்று உள்ளே போனால் ஆபரேஷனல் என்றொரு பதிவேடு இருக்கிறது. அதில் 100 என்ற எண்ணுள்ள குறிப்பு, கணினி திறக்க எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்லும். முந்தைய வாரம் 68,000. திங்கட்கிழமை 4,12,000. எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதோ என்ற சந்தேகம் அதோடு போயிற்று. அதே ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டைத் திறந்தால், "டிஸ்க்" என்ற பெயரில் 7, 153 என்ற எண்களோடு வரிசையாகக் குறிப்புகள். 7 என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி. 153 என்றால் ஒருமுறை கேட்டுக் கிடைக்காமல் மறுபடி கேட்டிருக்கிறது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். நீல நிறத்தில் "குட்" என்று வர வேண்டிய இடத்தில் மஞ்சளாக "காஷன்". சி5 என்ற வரியில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கையில், 58 என்று இருந்தது. அந்த மென்பொருள் இயல்பாகப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். நம் கணக்குக்கு அது 88. புதன்கிழமை பார்த்தபோது 100-ஐத் தாண்டியிருந்தது.

இதற்கும் மெதுவாகத் திறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி கேட்டான். நிமிடத்துக்கு 7200 சுற்று ஓடும் டிஸ்க், ஒரு சுற்றை 8.3 மில்லி விநாடியில் முடித்துவிடும். முள் நகர்ந்து, இடம் பார்த்து, படித்து முடிக்கச் சாதாரணமாகப் பத்துப் பதினைந்து மில்லி விநாடி போதும். கெட்ட செக்டரில் மாட்டினால் டிஸ்க் விட்டுவிடாது. திரும்பத் திரும்ப முயலும், ஒரே இடத்தில் பல விநாடிகள் நிற்கும். திறக்கும்போது படிக்க வேண்டிய கோப்புகள் கிடக்கும் இடத்தில் இப்படிச் சில செக்டர்கள் இருந்தாலே நிமிடக்கணக்கில் போய்விடும். டெஸ்க்டாப் வந்த பிறகு அந்தப் பக்கம் போக வேண்டிய தேவை அதிகம் இல்லாததால் மெஷின் ஓரளவு நன்றாகவே ஓடும். அதனால்தான் வைரஸ், ஃபான்ட் என்று மனம் போகிறது.

ஃபார்மட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அழிந்து கொண்டிருக்கும் டிஸ்க்கில் புது விண்டோஸ் ஏறியிருக்கும், பதினொரு வருட வேலையின் மேல். செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியைப் பழுதுபார்க்கும் விதமாக ஓட்டுவதும் இந்த நிலையில் ஆபத்துதான். அது டிஸ்க் முழுவதையும் படிக்க வைக்கும். முதலில் கோப்புகள் வெளியே வர வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இன்று காலை திடீரென்று இப்படி ஆகியிருந்தால், தயவுசெய்து முதலில் உங்கள் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் போட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் முதலில் அந்த ஆண்டுக் காலண்டர் வேலைகளை மட்டும் கையால் நகலெடுத்தேன். பிறகு பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் திறந்து, டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓடவிட்டேன். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்வதால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்களுக்கு நடுவில் போனது. மொத்தம் பதினான்கு மணி நேரம் ஆயிற்று. அந்த நகலிலிருந்து புது எஸ்எஸ்டிக்கு மாற்றி இப்போது இருபது விநாடிக்குள் திறக்கிறது. இரண்டு கோப்புகள் மட்டும் வரவில்லை.

உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா? எந்த இடத்தில் நின்றது, என்ன காரணம் என்று எழுதுங்கள்.


திருநெல்வேலி மாவட்டம், பள்ளிக் கணினி ஆசிரியர்

ஐயா, உங்களுக்கு விண்டோஸ் புள்ளிகளில் நின்றது. எங்கள் ஆய்வகத்தில் அதற்கும் முன்னால் நின்றது.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் அறையைத் திறந்தோம். பன்னிரண்டு கணினிகளில் நான்கு, கருந்திரையிலேயே ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கின்றன. "பிஎக்ஸ்இ-இ61" என்று தொடங்கி, கேபிளைச் சரிபார் என்று ஒரு செய்தி. அதன் பிறகு விண்டோஸ் வழக்கமான வேகத்தில் வந்துவிடுகிறது. மாணவர்கள் கணினியில் பேய் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நான்கிலும் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. தேதி தவறாக இருந்ததால் எந்த இணையதளமும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று திறக்க மறுத்தது. நான் இணைய இணைப்பைக் குறை சொல்லி அரை நாளைக் கழித்துவிட்டேன்.

காரணம், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி. சிஆர்2032, 3 வோல்ட். மல்ட்டிமீட்டரில் 2.3 காட்டியது. அது தளர்ந்துவிட்டால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன் மதர்போர்டில் ஓடும் மென்பொருள், நாம் வைத்த அமைப்புகளை மறந்து தொழிற்சாலையில் வைத்த நிலைக்குப் போய்விடும். எங்கள் கணினிகளில் அந்த நிலையில், முதலில் நெட்வொர்க்கிலிருந்து திறக்கப் பார் என்று இருந்தது. அங்கே யாரும் பதில் சொல்ல இல்லை. காத்திருந்து, கைவிட்டு, அப்புறம்தான் ஹார்ட் டிஸ்க்கைத் தேடியது.

சுவரில் மின்சாரம் இருக்கும்போது, கணினி அணைந்திருந்தாலும் அந்தப் பேட்டரிக்கு வேலை குறைவு. நாங்கள் ஒவ்வொரு மாலையும் மெயின் சுவிட்சை அணைப்போம், விடுமுறையில் இரண்டு மாதமும் அணைந்தே கிடந்தது. அதுவரை முழுச் சுமையும் பேட்டரி மேல்தான். பள்ளி ஆய்வகங்களில் ஜூன் மாதத்தில் இந்தத் தொல்லை வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மாற்றுவது எளிது, ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் ஒரு கணினியில் நான் அவசரப்பட்டேன். பேட்டரி போட்டு, தேதி வைத்து, திறக்கும் வரிசையை மாற்றிவிட்டு வெளியே வந்தால் விண்டோஸ் நீலத் திரையில் விழுந்தது. டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்று இருந்தது, பயாஸ் மறந்தபோது ஐடிஇ ஆகியிருந்தது. திருப்பி மாற்றியதும் சரியாயிற்று. இப்போதெல்லாம் பயாஸ் பக்கங்கள் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே பேட்டரியைத் தொடுகிறேன்.

சற்றுப் புதிய கணினிகளில் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில், மேல் மூலையில் "லாஸ்ட் பயாஸ் டைம்" என்று விநாடிக்கணக்கு இருக்கும். விண்டோஸ் கைக்கு வருவதற்கு முன் எவ்வளவு நேரம் போனது என்று அது சொல்லிவிடும். எங்களுடைய பழைய கணினிகளில் அது வராது, கைபேசி ஸ்டாப்வாட்ச்தான்.


சேலம், கணக்கு எழுதும் வேலை

என்னுடையதில் எதுவும் கெடவில்லை. நானே செய்தது.

லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. இடம் மிச்சப்படுத்த ஒரு வீடியோவில் சொன்ன ஒற்றை வரிக் கட்டளையைப் போட்டேன், 3 ஜிபிக்கு மேல் காலியாகிவிட்டது. சந்தோஷம். மறுநாள் காலையிலிருந்து 35 விநாடியில் திறந்தது ஒன்றரை நிமிடம் ஆயிற்று. ஹார்ட் டிஸ்க்தான் போய்விட்டதோ என்று பயந்து, மேலே சொன்ன மாதிரி எல்லாவற்றையும் நகலெடுத்தும் வைத்துவிட்டேன். டிஸ்க் "குட்" என்றே காட்டியது.

தம்பிதான் ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, ரீஸ்டார்ட் போட்டா எவ்ளோ நேரம் ஆகுது?" அதுவும் ஒன்றரை நிமிடம். முன்பும் ரீஸ்டார்ட் போட்டால் அவ்வளவுதான் ஆகும், நான் கவனித்ததில்லை. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லையாம். விண்டோஸின் உட்கருவை ஹைபர்னேஷன் கோப்பில் சேமித்துவிட்டுத் தூங்குகிறது, காலையில் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ரீஸ்டார்ட்டில் மட்டும் எல்லாம் முதலிலிருந்து. நான் இடத்துக்காக நீக்கியது அந்த ஹைபர்னேஷன் கோப்பைத்தான். அதே கட்டளையில் "ஆஃப்" இருந்த இடத்தில் "ஆன்" போட்டேன், மறுநாள் பழைய வேகம் வந்துவிட்டது.


கோயம்புத்தூர், லினக்ஸ் பயனர்

நின்ற நேரத்தின் அளவே சில சமயம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். என் மெஷின் சரியாக 1 நிமிடம் 30 விநாடி நின்றது. ஒருநாள் 80, ஒருநாள் 100 என்று இல்லை, எப்போதும் 90 விநாடி. டிஸ்க் கெட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காக நிற்காது. எதையோ எதிர்பார்த்து, கெடு முடிந்ததும் நகர்கிறது என்று பட்டது. லினக்ஸில் திறக்கும் வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியின் இயல்பான கெடு 90 விநாடி.

எஸ்கேப் தட்டி லோகோவை விலக்கினால் "ஸ்டார்ட் ஜாப்" ஒன்று ஓடுகிறது என்று, நீளமான ஒரு யுயுஐடி எண்ணோடு (டிஸ்க்கின் ஒரு பகுதிக்கான அடையாள எண்) வரி நிற்கிறது. முந்தைய வாரம் இன்னொரு டிஸ்ட்ரோவை (வேறு லினக்ஸ் வகையை) அதே மெஷினில் பக்கத்தில் நிறுவியிருந்தேன். அது ராம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் பகுதியைப் புதிதாக ஃபார்மட் செய்துவிட்டது, அதனால் யுயுஐடி மாறிப்போனது. எந்தெந்தப் பகுதிகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் என் பழைய எஃப்எஸ்டேப் கோப்போ பழைய எண்ணைத் தேடிக்கொண்டே இருந்தது. பிஎல்கேஐடி கட்டளையில் புது எண்ணைப் பார்த்து எழுதியதும் தீர்ந்தது. உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்கள் திறப்பதன் தொடக்கத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் ரெஸ்யூம் என்ற கோப்பிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டதால் எனக்கு இன்னொரு முப்பது விநாடி தாமதம் ஒரு வாரம் நீடித்தது.


திருச்சி

வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற மறந்திருந்தோம். பயாஸ் அதிலிருந்து திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கழற்றியதும் சரி. யூஎஸ்பியில் செருகியிருப்பதையெல்லாம் ஒருமுறை எடுத்துவிட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.


சிவகாசி, டிடிபி வேலை

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு என் மெஷினின் பேட்டரியையும் மாற்றிவிட்டேன். கடிகாரம் தினமும் சில நிமிடம் பின்னால் போய்க்கொண்டிருந்ததை நான் பொருட்படுத்தாமலே இருந்திருக்கிறேன்.

வராத இரண்டு கோப்புகளைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஒன்று பட்டாசுப் பெட்டி லேபிள், வாடிக்கையாளரிடம் பிரிண்ட் இருந்தது, திரும்பச் செய்து கொடுத்துவிட்டேன். இன்னொன்று பங்குனிப் பொங்கல் நோட்டீஸ், அப்பா கடைசியாக உட்கார்ந்து எழுத்துக் கோத்த வேலை. நேற்று ஒரு வீட்டுச் சுவரில் அதன் பிரதி ஒட்டியபடியே இருப்பதாகத் தம்பி வந்து சொன்னான். வெயிலில் வெளுத்திருக்கிறதாம், எழுத்து தெரிகிறதாம். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு போகிறோம்.