கோவைக்கொடியை வேரோடு ஒழிக்கப் போராடியவர்களின் அனுபவங்கள்

பெரம்பூரிலிருந்து:
மதில்மேல் படர்ந்த கோவைக்கொடியை மூன்று ஆண்டுகளாக அரிவாளால் அறுத்துக்கொண்டே இருந்தேன். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்குள் அது மறுபடியும் முருங்கையில் ஏறிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும், மண் ஊறிக் கிடந்த நேரம் பார்த்து, கடப்பாரையால் நெம்பினேன். மதிலின் அஸ்திவாரத்தை ஒட்டி, முழங்கை ஆழத்தில், என் முன்கைப் பருமனில் வெளிறிய கிழங்கு ஒன்று வந்தது. அதன் கழுத்தில் நான் அறுத்த தழும்புகள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு தழும்பின் ஓரத்திலும் புதிய முளை. என் மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இத்தனை நாளும் தலையை மட்டும்தான் வெட்டினோமா?" என்று கேட்டது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. கிழங்கை எடுத்தால் கதை முடிந்தது.

திருவொற்றியூரிலிருந்து:
கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் வேர் செத்துவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஊற்றினேன். பக்கத்தில் என் தாயார் வைத்த செம்பருத்தி பட்டுப்போனது. கோவை அடுத்த மழையில் துளிர்த்தது. ஏற்கெனவே நிலத்தடி நீர் உவர்ப்பான எங்கள் பகுதியில் தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

கொடுங்கையூரிலிருந்து:
பெரம்பூர் அம்மா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் கிழங்கை முழுதாக எடுத்தேன். மறு ஆண்டே கேபிள் ஒயருக்கு நேர் கீழே வரிசையாக நாற்றுகள் முளைத்திருந்தன. அண்ணாந்து பார்த்தபோது, பக்கத்து வீட்டுக் கொடியில் வெடித்திருந்த சிவந்த பழத்தைக் குயில் ஒன்று கொத்திவிட்டு, அதே ஒயரில் வந்து உட்கார்ந்தது. அந்த வீட்டு அக்காவோ, சர்க்கரைக்கு அதன் இலையைத்தான் சாப்பிடுவதாகவும், கொடியை வெட்ட விடமாட்டேன் என்றும் உறுதியாகச் சொன்னார். கடைசியில், காயைப் பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

மாதவரத்திலிருந்து:
நான் வெட்டிய கொடியைக் குப்பைக்குழியில் போட்டு, அங்கேயே ஒரு புதரை வளர்த்துவிட்டேன். சந்தைக்காகக் கோவைக்காய் பயிரிடுகிறவர்கள் தண்டை வெட்டி நட்டுத்தான் வளர்க்கிறார்கள் என்பதை யாரும் இங்கே கருத்தில் கொள்ளவில்லை. ஆகவே, வெட்டிய துண்டுகளை மண்ணில் படவிடாமல் மொட்டைமாடியில் பரப்பி, ஒடித்தால் முறியும் அளவுக்குக் காயவிட வேண்டும். கிழங்கைத் தோண்டும்போது தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் கழுத்தோடு அறுந்துவிடும். சுற்றிலும் மண்ணை எடுத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். மதிலுக்கு அடியில் கடப்பாரை போகாத இடமானால், துளிர் கண்ணில் பட்ட அன்றே கிள்ளிவிடுங்கள். இலை விரிய விடாமல் தொடர்ந்து கிள்ளினால், சேமித்து வைத்ததைச் செலவழித்தே கிழங்கு வற்றும். ஐப்பசி மழையில் முளைக்கும் நாற்றுகளைக் கிழங்கு கட்டுவதற்கு முன்பே பிடுங்குங்கள், அப்போது இரண்டு விரல் போதும். கொடுங்கையூர்க்காரர் செய்த சமரசம் எனக்குச் சரியாகவே படுகிறது; ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு என்பதால், காய்க்கிற கொடியை மட்டும் கவனித்தாலே அங்கிருந்து விதை பரவாது.

மீண்டும் பெரம்பூரிலிருந்து:
இதைப் படித்துவிட்டு மதிலோரம் போய்ப் பார்த்தேன். முருங்கைக்கு அடியில் நான்கு நாற்றுகள் நின்றன. பிடுங்கி, மாடியில் காயப் போட்டிருக்கிறேன்.